பின்பக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டிய துணி: குபா ராஃபியா

பிரஸ்ஸல்ஸ் நகரின் சப்லோன் பகுதியில் ஆப்பிரிக்கக் கலைப்பொருள்களை விற்கும் கடைகள் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றில் வாங்கிய மூன்று குபா ராஃபியாப் பொருள்களை, அதாவது காங்கோவின் குபா மக்கள் ராஃபியாப் பனையின் நாரில் செய்த துணிகளை, பற்றியது இந்த மதிப்புரை. ஒன்று, வெல்வெட் முறையில் இழைகளை வெட்டி எழுப்பிய ஒரு சதுரத் துண்டு. அடுத்தது, மேலே துணித்துண்டுகளை வைத்துத் தைக்கும் ஒட்டுத்தையல் போட்ட நீண்ட மகளிர் உடையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதி. மூன்றாவது, பழைய துணியை வெட்டித் தைத்த ஒரு குஷன் உறை. மூன்றும் ஒரே மக்களின் கைவேலை என்றாலும் மூன்றையும் ஒரே மனநிறைவோடு பரிந்துரைக்க என்னால் முடியாது. கடையின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அங்கே கண்ட குறைகள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவையல்ல. இந்தத் துணியை விற்கும் இடங்கள் பலவற்றிலும் ஏறக்குறைய அதே பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன்.

குபா நாடு காங்கோ ஜனநாயகக் குடியரசில், கசாய், சங்குரு, லுலுவா ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலப்பகுதியில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஷ்யாம் என்னும் மன்னர் காலத்தில் உருப்பெற்ற அரசு அது. ஆளும் புஷோங் மக்களோடு ஷோவா, ங்கேண்டே, ங்கோங்கோ எனப் பல குழுக்கள் அதில் அடங்கும். ராஃபியாவில் பூவேலை செய்யும் கலையை மேற்கேயுள்ள பெண்டே மக்களிடமிருந்து ஷ்யாம்தான் கொண்டுவந்தார் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. கடைகளில் ‘கசாய் வெல்வெட்’ என்றும் ‘ஷோவா துணி’ என்றும் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் இந்த வெட்டிழை வகையைத்தான். அதில் ஷோவா பெண்களுக்குத் தனிப் பெயர் உண்டு. ஆனால் ஷோவா என்ற சீட்டு ஒட்டியிருப்பதாலேயே அது ஷோவா பெண்ணின் கைவேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விற்பவர்களுக்கு அது ஒரு வகைப் பெயராகிவிட்டது.

துணியின் அளவைக் கண்டு சிலர் ஏமாற்றமடைகிறார்கள். இவ்வளவுதானா என்று கடையிலேயே ஒருவர் கேட்டார். அளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் மூலப்பொருளிலேயே இருக்கிறது. ராஃபியாப் பனையின் விரியாத குருத்தோலையிலிருந்து மெல்லிய மேல்தோலை உரித்து, காயவைத்து, விரல்களாலும் சீப்பாலும் நார்நாராகக் கிழிக்கிறார்கள். பஞ்சைப் போல அதை நூற்பதில்லை. ஓலை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் இழையின் நீளம், இழையின் நீளம்தான் துணியின் எல்லை. ஆகவே ஒரு மீட்டருக்குச் சற்று முன்னே பின்னே உள்ள துண்டுகளாகத்தான் நெய்ய முடியும். ஓரம் மடித்துத் தைத்து முடிக்கும்போது அது இன்னும் சுருங்கும். பெரிய உடை வேண்டுமென்றால் பல துண்டுகளை இணைத்துத்தான் ஆக வேண்டும். நெசவு ஆண்களின் வேலை. சாய்வாக நிறுத்திய, ஒரே விழுதுக்கட்டு (பாவு இழைகளைத் தூக்கிப் பிரிக்கும் கட்டு) உள்ள தறியில், பாவுக்கு அடியில் அமர்ந்து நெய்கிறார்கள். தறியிலிருந்து இறங்கும் துணி சாக்கைப் போல விறைப்பாக இருக்கும். அதை நனைத்து, உரலில் இட்டுக் குத்தி, கையால் கசக்கி மென்மையாக்குவதும், வெட்டிழைப் பூவேலையும் பெண்களின் வேலை.

இனி அந்த வெல்வெட் துண்டு. ஏறத்தாழ அறுபது சென்டிமீட்டர் சதுரம். ‘ஏறத்தாழ’ என்று சொல்வதற்குக் காரணம், நான்கு பக்கங்களில் எந்த இரண்டும் ஒரே நீளமாக இல்லை. நிறங்கள் மூன்றே: காய்ந்த ஓலையின் பொன்னிறம், கறுப்பு, துகுலா மரத்தூளின் மங்கிய சிவப்பு. தொலைவில் நின்று பார்த்தால் ஒன்றையொன்று பின்னிப் போகும் பட்டைகள். அருகில் போனால் அந்தப் பட்டைகள் எல்லாம் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஓலைமயிர். உள்ளங்கையை ஒரு திசையில் ஓட்டினால் வழுக்குகிறது, எதிர்த்திசையில் ஓட்டினால் தடுக்கிறது, நிறமும் ஒரு படி இருண்டு மாறுகிறது. இயந்திர வெல்வெட்டில் இதே விளைவு பரப்பு முழுவதும் ஒன்றுபோலக் கிடைக்கும். இங்கே ஒவ்வொரு கட்டத்திலும் மயிர் சாயும் திசை சற்றே வேறாக இருப்பதால், சன்னல் வெளிச்சம் மாறும்போது சில கட்டங்கள் எழுகின்றன, சில பின்வாங்குகின்றன.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் விலை நியாயமா என்று முடிவு செய்ய முடியும். முதலில் கோட்டுத் தையலால் வடிவத்தின் எல்லைகளைப் போடுகிறார்கள். பிறகு, மிக மெல்லியதாகக் கிழித்த நாரை ஊசியில் கோத்து, அடித்துணியின் ஒரு இழைக்குக் கீழே நுழைத்து எடுத்து, இரண்டு முனைகளையும் சில மில்லிமீட்டர் விட்டுச் சிறு கத்தியால் வெட்டுகிறார்கள். முடிச்சு கிடையாது. நெசவின் இறுக்கமே அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு நுழைப்பு, ஒரு வெட்டு, மறுபடியும் ஒரு நுழைப்பு என்று கட்டம் கட்டமாக நிரப்பி, கத்தியின் விளிம்பால் தேய்த்து முனைகளை விரியச் செய்கிறார்கள். வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவே செய்யப்படும் வேலை இது. ஒரு நல்ல துண்டு முடியப் பல மாதங்கள் ஆகும்.

முடிச்சு இல்லாததால்தான் பின்பக்கம் இவ்வளவு பேசுகிறது. என்னிடம் உள்ள துண்டைத் திருப்பினால், கோட்டுத் தையல்கள் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன; வெட்டிழை போட்ட இடங்களில் அடித்துணி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது, ஏனெனில் ஊசி துணியை முழுக்கத் துளைத்துப் பின்னால் வருவதில்லை. அவசரத்தில் செய்த துண்டுகளில் பின்பக்கம் முழுவதும் புள்ளிபுள்ளியாக நார் எட்டிப் பார்க்கிறது, முன்பக்கத்தில் கட்டங்களுக்கு நடுவே அடித்துணி வெளுப்பாகத் தெரிகிறது. கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விலையில் அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை என்பதுதான் வியப்பு. மயிரை மெதுவாக நீவிப் பார்த்து, விரலில் எத்தனை நார் வருகிறது என்று பார்ப்பதும் நல்லது. இரண்டு மூன்று வருவது இயல்பு. கொத்தாக வந்தால் வைத்துவிடுங்கள்.

இந்தத் துண்டை நான் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம் அதன் வலது மேல் மூலை. இடது ஓரத்திலிருந்து ஒழுங்காக வரும் பின்னல் அங்கே திடீரென்று திசை மாறுகிறது: பட்டை தடிக்கிறது, சாய்சதுரங்கள் பாதியாகின்றன, சிவப்பு நிறம் அந்த ஒரு மூலையில் மட்டும் கறுப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கடைக்காரர் இதை ஒரு குறைபோல எண்ணி, ‘மையத்தை மட்டும் தெரியும்படி சட்டமிட்டுத் தருகிறேன்’ என்றார். அந்த ஆலோசனையை யாரும் ஏற்க வேண்டாம். குபா பெண்கள் வடிவத்தை முன்கூட்டித் துணியில் வரைந்துகொள்வதில்லை. மரபில் உள்ள வடிவங்களை நினைவில் வைத்து, போட்டுக்கொண்டே போய், ஓரிடத்தில் மாற்றி, இன்னோரிடத்தில் முறித்து வளர்க்கிறார்கள். முறிவே இல்லாத, மூலைக்கு மூலை அச்சடித்தது போன்ற துண்டுகளும் கடையில் இருந்தன; அவற்றில் என் கண் நிலைக்கவில்லை.

வடிவங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பனையில் அதிகமாகத் திரிக்கப்படுவது அதுதான். கடையில் ஒவ்வொரு துணியோடும் ஓர் அச்சிட்ட தாள் தருகிறார்கள்: இந்தச் சாய்சதுரம் வளமையைக் குறிக்கும், இந்த வளைவு ஞானத்தைக் குறிக்கும் என்று. குபா வடிவங்களுக்குப் பெயர்கள் உண்டு என்பது உண்மை. தொல்முன்னோரான வூட்டின் பெயரைத் தாங்கிய வடிவம் உண்டு, ஆமை ஓடு, முடிச்சு என்று பெயர் பெற்றவையும் உண்டு. ஆனால் ஒரே வடிவத்தை ஓர் ஊரில் ஒரு பெயரிலும் அடுத்த ஊரில் வேறு பெயரிலும் அழைக்கிறார்கள். வடிவத்தின் எந்தக் கூறு முதன்மை என்று சொல்பவர் கருதுகிறாரோ, பெயர் அதற்கேற்ப மாறுகிறது. பெயர் அடையாளம் காண்பதற்கு. அதைச் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் குறியீட்டு அகராதியாக மாற்றியது வணிகம். அந்தத் தாளை நான் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

வடிவத்தின் மீது அந்த மக்களுக்கு உள்ள ஈடுபாட்டைக் காட்ட அடிக்கடி சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. 1920களில் மிஷனரிகள் குபா மன்னருக்கு ஒரு மோட்டார் சைக்கிளைக் காட்டினார்களாம். வண்டியில் மன்னருக்கு அக்கறை ஏற்படவில்லை. மணலில் அதன் சக்கரம் விட்டுச் சென்ற தடத்தைக் கண்டு மகிழ்ந்து, அதைப் படியெடுக்கச் சொல்லி, அந்த வடிவத்துக்குத் தன் பெயரையே வைத்தார். குபாக்களிடையே நீண்ட காலம் தங்கி அவர்களுடைய வரலாற்றை எழுதிய யான் வான்சினாவின் வழியாக இந்தச் செய்தி பரவியது. அரியணை ஏறும் மன்னர் தமக்கென ஒரு புதிய வடிவத்தை உருவாக்கித் தம் முரசில் பொறிக்க வேண்டும் என்ற மரபோடு சேர்த்துப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி விளங்கும். வடிவம் கண்டுபிடிப்பது அங்கே அரசக் கடமைகளில் ஒன்று.

கணிதத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்தத் துணியை வாங்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே திசையில் மீண்டும் மீண்டும் வந்து நீளும் கரை வடிவங்கள் சமச்சீர் அடிப்படையில் 7 வகைகளுக்குள் அடங்கிவிடும். பரப்பு முழுவதும் விரியும் வடிவங்கள் 17 வகைகளுக்குள் அடங்கும். அமெரிக்கக் கணித அறிஞர் டொனால்டு க்ரோ 1971இல் வெளியிட்ட ஆய்வில், குபாக்களின் துணிகளையும் மரவேலைகளையும் ஆராய்ந்து, 7 கரை வகைகளும் முழுமையாகவும், 17 பரப்பு வகைகளில் 12உம் அவற்றில் இருப்பதைக் காட்டினார். பள்ளிக் கணக்கில் சமச்சீர் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தத் துண்டு சுவரில் தொங்கினால் பயனுண்டு. அந்த வலது மேல் மூலை எந்த வகைக்குள்ளும் அடங்காது என்பதையும் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் இந்த வெல்வெட் துண்டுகளைச் சேகரித்துத் தம் பணியறைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார் என்பதும், அவருடைய பிற்காலக் காகித வெட்டுப் படைப்புகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பேசுவதும் எல்லாக் கடைகளிலும் கேட்கும் செய்தி. செய்தி உண்மைதான். ஆனால் அதற்காக விலையில் ஒரு பங்கு கூட்டிக் கேட்பதை ஏற்க முடியவில்லை. துணியை நெய்தவரும் பூவேலை செய்தவரும் யாரென்று ஒரு சொல்கூட இல்லாத சீட்டில், சுவரில் மாட்டியவரின் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது.

மூன்று பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது. பெண்கள் உடலைச் சுற்றிச் சுற்றி உடுத்தும் நீண்ட உடையை ந்சாக் என்கிறார்கள். பல துண்டுகளை அடுத்தடுத்து இணைத்துத் தைத்த அந்த உடைகளில் சில ஆறு மீட்டருக்கும் மேல் நீளும். என்னிடம் இருப்பது அதில் மூன்று துண்டுகள் சேர்ந்த ஒரு பகுதி. ஓலை நிறத்தின் மேல் ஓலை நிறமும் கரும்பழுப்பும் ஒட்டுத்தையலாக: கொக்கிகள், முழங்கை போல் மடங்கிய பட்டைகள், ஒரு புள்ளி, வால் நீண்ட ஒரு வளைவு. வெல்வெட் துண்டின் நெருக்கம் இங்கே இல்லை. ஒரு வடிவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நிறைய வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளிகளின் அளவில்தான் தைத்தவரின் கைத்திறன் இருக்கிறது.

இந்த ஒட்டுகள் எப்படித் தோன்றின என்பதற்கு ஆய்வாளர் பலர் தரும் விளக்கம் எளியது. உரலில் குத்தி மென்மையாக்கும்போது துணியில் ஓட்டை விழும். ஓட்டையை மறைக்க ஓர் ஒட்டு. அந்த ஒட்டு தனித்துத் தெரியாமலிருக்க அதைச் சுற்றி இன்னும் பல ஒட்டுகள். என் துணியைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கீழ்ப்பகுதியில் உள்ள கொக்கி ஒன்றின் அடியில், நாணய அளவில் உண்மையாகவே ஒரு கிழிசல் இருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றிச் சிறுசிறு தையல்கள் இறுக்கமாக ஓடுகின்றன. அதிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் இன்னொரு கொக்கியின் அடியிலோ துணி முழுமையாகவே இருக்கிறது. முதலாவது தேவைக்காக, இரண்டாவது முதலாவதற்குத் துணையாக. இதைப் பார்ப்பதற்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை, கடையில் விளக்கை அணைக்கச் சொல்லி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாலே போதும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இந்த உடைகள் அன்றாட உடுப்புகள் அல்ல. விழாக்களில், குறிப்பாக இறுதிச் சடங்குகளில் வெளியே வருபவை. இறந்தவரின் உடலுக்கு ராஃபியா உடைகளை அணிவித்தே புதைக்கிறார்கள். மேலைநாட்டு உடையில் புதைக்கப்பட்டவர் ஆடையில்லாமல் போனவருக்குச் சமம், மறுமையில் அவரை அவருடைய உறவினர்கள் அடையாளம் காணமாட்டார்கள் என்ற நம்பிக்கையைக் களஆய்வாளர் பட்ரிசியா டாரிஷ் பதிவு செய்திருக்கிறார். நீண்ட உடையை ஒருவர் மட்டும் செய்து முடிப்பதும் அரிது. தாய்வழிக் குலத்தைச் சேர்ந்த பலர் ஆளுக்கு ஒரு துண்டு செய்கிறார்கள், பிறகு அவை இணைக்கப்படுகின்றன. ஆகவே உடை தனியொருவர் சொத்தாக இல்லாமல் குலத்தின் சொத்தாக இருக்கிறது. என் துணியின் மூன்று துண்டுகளிலும் தையலின் நெருக்கம் மூன்று விதமாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பழைய காலத்தில் ராஃபியாச் சதுரங்களே பணமாகவும் பெண்ணுக்குத் தரும் பரிசமாகவும் வழக்குத் தீர்வில் தண்டமாகவும் கைமாறின. இத்தகைய ஒரு பொருளை வீட்டுச் சுவரில் மாட்டுவது சரியா என்ற கேள்வி எனக்கு இருந்தது. மண்ணுக்குள் போகாமல் குடும்பம் விற்றவையே சந்தைக்கு வருகின்றன என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் நீண்ட உடையை மூன்றாகவும் நான்காகவும் பிரித்துத் தனித்தனியே விற்பது குடும்பத்தின் செயலன்று, வணிகரின் செயல். முழு உடை கிடைத்து, பணமும் இடமும் இருந்தால், அதையே வாங்குங்கள்.

குஷன் உறையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பழைய வெல்வெட் துண்டு ஒன்றை நான்காக வெட்டி, பின்பக்கம் லினன் துணி வைத்து, ஜிப் போட்டிருக்கிறார்கள். தையல் நேர்த்தி. ஆனால் வெட்டிழைக்கு முடிச்சு இல்லை என்று முன்பே சொன்னேன். சாய்ந்து உட்காரும் ஒவ்வொரு தடவையும் முதுகோடு சில நார்கள் போகின்றன. சில வாரங்களில் நடுவே வழுக்கை விழத் தொடங்கியது, மூலைகளில் மடிந்த இடத்தில் அடித்துணியின் இழைகள் முறிந்தன. ராஃபியா மடிக்க மடிக்க முறியும் நார். உட்காரும் இடத்துக்கு அது ஏற்றதன்று. முழுத் துண்டின் விலையில் ஏறக்குறைய பாதி கொடுத்து அதன் கால் பகுதியை, அதுவும் அழிந்துகொண்டிருக்கும் நிலையில் வாங்குகிறோம். குபா வடிவம் குஷனில் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பருத்தியில் அச்சிட்ட உறையை வாங்கிக்கொள்ளலாம். ஒரு பழைய துணி வெட்டுப்படாமல் தப்பும்.

விலையையும் வயதையும் சேர்த்தே பேச வேண்டும். வெல்வெட் துண்டுக்கு 280 யூரோ கேட்டு 220க்குத் தந்தார்கள். உடைப் பகுதி 150. குஷன் உறை 95. வெல்வெட் துண்டின் சீட்டில் ‘19ஆம் நூற்றாண்டு’ என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய குபா துணிகள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1892இல் குபா தலைநகருக்குள் சென்ற அமெரிக்கக் கறுப்பின மிஷனரி வில்லியம் ஷெப்பர்டு சேகரித்தவை வர்ஜீனியாவின் ஹாம்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலும், ஹங்கேரியரான எமில் டோர்டே 1907 முதல் 1909 வரையிலான பயணத்தில் சேகரித்தவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. அவற்றின் வயதுக்குப் பதிவேடு சாட்சி. சப்லோனில் 220 யூரோவுக்குக் கிடைக்கும் துண்டுக்கு எந்தச் சாட்சியும் இல்லை. பதிவேட்டைக் கேட்டேன், ஒரு புன்னகை கிடைத்தது. அடுத்த நிமிடமே ‘20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியாகவும் இருக்கலாம்’ என்று சொல்லி விலை குறைந்தது.

புதிய துணியைத் தேநீரிலோ காப்பியிலோ தோய்த்துப் பழையதாகக் காட்டுவது பரவலான வேலை. கண்டுபிடிக்க ஓரத்தின் மடிப்பைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். காலத்தால் பழுத்த துணியில் வெளிப்பக்கம் கருத்து, மடிப்புக்குள் வெளிறியிருக்கும். தோய்த்த துணியில் மடிப்புக்குள்ளும் அதே பழுப்பு ஒரே சீராக இருக்கும். மணமும் உதவும்: புகையும் ஓலையும் கலந்த மணம் இயல்பானது, இனித்த காப்பி மணம் இயல்பன்று. சாயம் இரசாயனச் சாயம் என்பதற்காகத் துணியைப் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. புதிய துணி புதியது என்று சொல்லி விற்கப்பட்டால், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உண்மையில், இன்று செய்யப்படும் நல்ல வெல்வெட் துண்டுகளில் சில, பழையது என்று விற்கப்படும் சாதாரணத் துண்டுகளைவிட நுட்பமானவை. அவை நூறு யூரோவுக்குள்ளும் கிடைக்கின்றன. பழமைக்கு நாம் கொடுக்கும் மிகைவிலைதான் போலிப் பழமையை வளர்க்கிறது.

பெல்ஜியத்தில் நின்றுகொண்டு இந்தத் துணியை வாங்கும்போது, அது எந்த வழியில் இங்கு வந்தது என்பதையும் மறக்க முடியாது. மேலே சொன்ன ஷெப்பர்டுதான், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் கசாய்ப் பகுதியில் நடந்த படுகொலைகளை 1899இல் நேரில் சென்று பதிவு செய்தவர். இரப்பருக்காகக் குபா மக்கள் பட்ட பாட்டை எழுதியதற்காக இரப்பர் நிறுவனம் அவர் மீது தொடுத்த அவதூறு வழக்கில் 1909இல் அவர் விடுவிக்கப்பட்டார். துணிகள் ஐரோப்பிய வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்ததும் அந்தக் காலனியக் காலத்தில்தான். கடையின் அச்சிட்ட தாளில் மத்தீஸ் இருக்கிறார், ஷெப்பர்டு இல்லை. வாங்குவதற்கு முன், நகருக்கு வெளியே தெர்வூரனில் 2018 இறுதியில் புதுப்பித்துத் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. காங்கோவிலிருந்து வந்த பொருள்களின் பெருந்தொகுப்பு அங்கே இருக்கிறது. கண்ணும் பழகும், கடையில் சொல்லப்படும் கதைகளை எடைபோடவும் முடியும்.

பராமரிப்பில் அதிகத் தொல்லை இல்லை. தண்ணீரில் நனைக்கவோ சலவைக்குப் போடவோ கூடாது. துகுலாச் சிவப்பு கசியும், வெட்டிழை கலையும். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் வெளுப்பதோடு நாரும் நொறுங்கத் தொடங்கும். குளிர்காலத்தில் அறைச் சூடேற்றிக்கு மேலே மாட்டுவதும் தவறு, அதிக வறட்சி ராஃபியாவுக்கு ஆகாது. வைத்திருப்பதானால் மடிக்காமல், மயிர்ப்பக்கம் வெளியே இருக்குமாறு அகலமான குழாயில் சுருட்டி, மெல்லிய பருத்தித் துணியால் போர்த்தி வையுங்கள். நான் உடைப் பகுதியின் மேல் விளிம்பில், பின்பக்கமாக, ஒரு பருத்தி நாடாவைத் தளர்வான தையலில் இணைத்து, அதற்குள் மரக்குச்சி நுழைத்து மாட்டியிருக்கிறேன். ஆணியோ பசையோ வேண்டாம். கண்ணாடி போட்டுச் சட்டமிடும் சேவையைக் கடையில் வலியுறுத்துகிறார்கள். அதற்குக் கேட்கும் தொகை துணியின் விலையில் பாதி. கண்ணாடிக்குள் போய்விட்டால் வெல்வெட் துண்டின் ஒளி மாற்றம் பெரும்பகுதி போய்விடும் என்பதால் நான் மறுத்தேன். தூசி கவலையாக இருந்தால் மென்மையான தூரிகையால் மயிரின் திசையில் மாதம் ஒருமுறை தட்டினால் போதும்.

சேவை என்ற அளவில் கடைக்கு நல்ல மதிப்பெண்ணே தருவேன். எத்தனை துண்டுகளை விரித்துக் காட்டச் சொன்னாலும் சலிக்காமல் காட்டினார்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க அனுமதித்தார்கள், வயதைப் பற்றிக் கேட்டபோது கோபப்படவில்லை. முன்னறையில் சட்டமிட்டு மாட்டியிருப்பவற்றைத் தாண்டி உள்ளே போங்கள். உள்ளறை மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் சட்டமிடாத துண்டுகளே தரத்திலும் விலையிலும் மேலானவை, ஆனால் கேட்டால்தான் காட்டுகிறார்கள். ஊருக்கு அனுப்புவதானால் மடித்து உறையில் போடாமல் அட்டைக் குழாயில் சுருட்டி அனுப்பச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, பேரம் பேசும்போதே அதையும் விலைக்குள் சேர்த்துப் பேசிவிட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.